நான்கு வட்ட விளக்கு, ஒற்றை வைப்பர்

ஒரே ஜெர்மன் கம்பெனி செய்த இரண்டு பழைய டீசல் கார்களில் எது உயர்ந்தது என்று யாராவது கேட்டால், திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் பதில் சொல்லத் தகுதியுள்ள ஆள் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அப்படி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து பழைய கார்களை ஓட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்கு நாஸ்தா பண்ண வருகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எனக்குப் புத்தகம் கிடையாது, காது உண்டு. முப்பது வருஷம் போர்வெல் போட்ட காது. கம்ப்ரசர் சத்தம் மாறுவதை வைத்தே கீழே மண் முடிந்து பாறை தொடங்கிவிட்டது என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொல்லியிருக்கிறேன். இன்ஜினியர் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்பார்.

ஆனால் அந்த இரண்டு கார்களில் எது உயர்ந்தது என்பதைப் பற்றிப் பத்தொன்பது வருஷம் நான் சொல்லி வந்தது ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கல்பட்டில் ஒரு வாசலில் நின்று சொல்ல வேண்டி வந்தது வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் கார் நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் கடற்கரை மணலில் கையால் பைப்பைத் திருகிப் போர் இறக்கும் கூலியாட்களாகத் தொடங்கியவர்கள். தோள்பட்டை தேய்ந்து, பிறகு ஒரு பழைய ரிக் லாரி, அதற்குப் பிறகு புது ரிக் லாரி என்று ஏறி வந்தோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குள் ஒரு பங்களாவில் போர் போட்டபோதுதான் அந்தக் காரைப் பார்த்தோம். தந்த நிறம். முன்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வட்ட விளக்கு. மூக்கின் மேல் கம்பெனிச் சின்னம் நிமிர்ந்து நின்றது. உப்புக் காற்றில் கதவின் அடி ஓரம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. பங்களாக்காரர் வெளிநாடு போகப்போவதாகவும், காரை விற்றுவிடப் போவதாகவும் சொன்னார்.

மச்சான் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் காதில் சொன்னான்.

"மாமா, இது காரே இல்ல. நம்ம கம்ப்ரசருக்குச் சட்டை மாட்டி வுட்டிருக்கான்."

அவன் என்னை மாமா என்பான், ஆனால் நீ வா போ என்றுதான் பேசுவான். ஒரே பைப்பைத் திருகியவர்களுக்குள் வாங்க போங்க எப்படி வரும்? அன்றே பேசி முடித்தோம். அடுத்த வாரம் திருப்போரூர் கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊருக்குள் கொண்டு வந்தோம். ரிக் லாரியில் போய்க் கொண்டிருந்தவர்கள் ஜெர்மன் காரில் போய் இறங்கினால் போர் போடக் கூப்பிட்டவர்கள் தாங்களாகவே நாற்காலி போடுவார்கள். அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுவேன், மச்சான் பக்கத்தில், என் மனைவி பின் சீட்டில். கல்பாக்கம் வரைக்கும் சும்மா போய் வருவோம். பின் சீட்டில் வலது ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. அவள் அதற்குள் விரலை விட்டு நோண்டிக்கொண்டே வருவாள். ஒரு நாள் கத்தினாள்.

"ஏங்க, இதுக்குள்ள இன்னா கீது பாருங்க. தேங்கா நாரு!"

உண்மைதான். ஸ்பிரிங்கின் மேல் தேங்காய் நாரை ரப்பர் பால் ஊற்றி இறுக்கி மெத்தையாக வைத்திருந்தான் ஜெர்மன்காரன்.

"நம்ம ஊரு நார எடுத்துக்கினு போயி நமக்கே வித்துக்கிறான்க்கா" என்றான் மச்சான். மூன்று பேரும் கல்பாக்கம் வரைக்கும் சிரித்தோம்.

எங்கள் சண்டை ஒரு பெயிண்டர் வேலையால் வந்தது. புது ரிக் லாரியின் கதவில் என் பெயரைப் பெரிதாகவும் அவன் பெயரை அடியில் சிறிதாகவும் எழுத வைத்தேன். மூத்தவன் நான், தொழிலைப் பிடித்தவன் நான், பார்ட்டியிடம் பேசுகிறவன் நான். அவன் இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும் என்றான். நான் ஆட்கள் முன்னால், "எழுத்து பெரிசா இருக்கணும்னா அதுக்கு ஏத்த மாதிரி ஆளும் பெரிசா இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அவன் அன்று சாயங்காலமே பிரித்துவிடலாம் என்றான். நானும் சரி என்றேன். என் ஆளுமைக்கு அதுதான் அழகு என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. மூத்தவன் பங்கு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பங்கு போடுகிறவன் ஒரு பக்கத்தைக் கனமாக வைத்தால் மற்றவன் அதையே தூக்கிக்கொண்டு போய்விடுவான், அதனால் சரியாகத்தான் பிரிப்பான் என்பது கணக்கு. ஆனால் எனக்கு வேறு மூளை. எனக்கு அந்தக் கார் வேண்டும். என்ன ஆனாலும் வேண்டும். அதனால் ஒரு பங்கில் புது ரிக் லாரியையும் கம்ப்ரசரையும் சிங்கப்பெருமாள் கோயில் ஆபீஸையும் வைத்தேன். இன்னொரு பங்கில் பழைய ரிக் லாரியையும் காரையும் வைத்தேன். பழைய ரிக்குக்கு அப்போதே ஆயுள் முடிந்திருந்தது. தொழில் தெரிந்த எவனும் முதல் பங்கைத்தான் எடுப்பான். அவன் அதை எடுத்துக்கொண்டு போனால் கார் எனக்கு. ரிக்கை நான் எப்படியாவது மறுபடி சம்பாதித்துவிடுவேன். என் திறமை எனக்குத் தெரியாதா?

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு பக்கம் லாரிச் சாவி, இன்னொரு பக்கம் கார்ச் சாவி. மச்சான் இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தான். என்னையும் ஒரு முறை பார்த்தான். கையை நீட்டிக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டான்.

பெரியவர் ஒருவர், "டேய், நல்லா யோசிச்சியா? அந்த ரிக்கு ஓடாதுடா" என்றார்.

"யோசிச்சிட்டேன்" என்று எழுந்து போய்விட்டான்.

அவன் வீம்புக்கு எடுத்தான் என்றுதான் நான் நினைத்தேன். மாமனுக்கு எது வேண்டுமோ அதைப் பிடுங்கிக்கொண்டான். அதற்காகத் தன் பிழைப்பையே கெடுத்துக்கொண்டான். ஊரும் அப்படித்தான் சொன்னது. பழைய ரிக் மூன்றே வருஷத்தில் படுத்துவிட்டது. அவன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் தண்ணீர் பிளாண்டில் சூப்பர்வைசராகப் போய்ச் சேர்ந்தான். நான் ஒரு ரிக்கை நாலாக்கினேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் இன்றைக்கு மோட்டார் போட்டால் வருகிற தண்ணீரில் பாதி நான் தோண்டிய தண்ணீர்.

காருக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் அதே கம்பெனியின் அடுத்த மாடலைத் தேடிப் பிடித்து வாங்கினேன். கருநீலம். இதற்கு விளக்குகள் வட்டம் இல்லை, சதுரமாக அகன்றவை. அதற்கு நாலு சிலிண்டர், இதற்கு ஐந்து. அதற்கு நாலு கியர், இதற்கு ஐந்து. அதற்கு இரண்டு வைப்பர், இதற்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் நடுவிலிருந்து எம்பி எம்பி மூலை வரைக்கும் போய்க் கண்ணாடி முழுவதையும் துடைத்துவிடும். என் மனைவி முதல் மழையில் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பாவம், ஒத்தக் கையால எல்லா வேலையும் செய்யுது."

நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். பழைய மாடல் மாட்டு வண்டி. என்னுடையதுதான் கார். அது எண்பதைத் தாண்டினால் ஆடும், என்னுடையது நூற்று இருபதில் டம்ளரில் வைத்த டீ சிந்தாது. டீக்கடையில் சொன்னேன், பதிவாளர் ஆபீஸில் சொன்னேன், கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அவன் காதுக்குப் போகட்டும் என்றே சொன்னேன்.

என் மனைவி மாதம் ஒரு முறை தம்பியைப் பார்க்கச் செங்கல்பட்டுக்குப் போவாள். என் காரில் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான் வருவாள். "இங்கயே நிறுத்துங்க" என்று இறங்கி, அங்கிருந்து நடந்து போவாள். அந்தத் தெருவுக்குள் இந்தக் காரை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. திரும்பி வந்து காரில் ஏறியதும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அவளாகவே சொல்வாள்.

"அவன் வண்டிய வாசல்லதான் நிறுத்திகீறான். தெருவப் பாத்து நிறுத்திகீறான்."

ஒவ்வொரு மாதமும் இதே பேச்சு. எனக்கு எரியும். அவன் வீட்டுப் பின்னால் ஷெட் போட இடம் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் வாசலில் நிறுத்தி, போகிறவன் வருகிறவன் பார்க்கும்படி காட்டுகிறான், அதைச் சொல்லியும் அனுப்புகிறான் என்று நினைத்துக்கொள்வேன். வேகமாகக் கியரைப் போட்டுக் கிளம்புவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், ஒன்பதாம் நாள் வண்டியில் கொண்டு வந்தேன். பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு மச்சான் வந்தான். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், அவன் வருவதற்கு முன்னாலேயே தெரு முனையில் அந்தக் கார் திரும்பியது எனக்குக் கேட்டது. நாலு சிலிண்டர். இரண்டாவது இன்ஜெக்டர் தட்டுகிறது. மனைவி நடு வீட்டில் கிடக்கிறாள், என் காது வாசலுக்குப் போய் இன்ஜெக்டரைப் பார்க்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் அக்காவின் மேல் கோடியைப் போர்த்திவிட்டு, சுவரோரமாக நின்றான். நான் எதிர்ச் சுவரோரமாக நின்றேன். காடு வரைக்கும் வந்தான். அங்கிருந்தே போய்விட்டான்.

அதற்குப் பிறகு ரிக் லாரிகளை விற்றுவிட்டேன். மூன்று மாடி வீட்டில் கீழ் மாடியில் நான் மட்டும் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் ஏழு மணிக்குக் காரை எடுத்து நெல்லிக்குப்பம் ரோடு வரைக்கும் போய் வருவேன். வேலை ஒன்றும் கிடையாது, வண்டி ஓடாமல் நின்றால் கெட்டுவிடும் என்பதற்காக.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது.

"மாமா, நான்தான்."

"யாரு?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"நடிக்காத. கம்ப்ரசரு சத்தத்துல காது அவிஞ்சிட்சா?"

"சொல்லு."

"நான் ஓசூருக்குப் போறேன், பொண்ணு வூட்டுக்கு. அவ அம்மா ஆறு மாசமா அங்கதான் கீறா, பேரனப் பாத்துகினு. நீயும் வந்துடு, தனியா இன்னா பண்றன்னு தெனம் பேஜாரு. ஞாயித்துக்கெழம மாப்பிள வண்டி எடுத்துகினு வர்றாரு. போனா திரும்பி வர்ற மாதிரி இல்ல."

"அதுக்கு?"

"இன்னா அதுக்கு? காரு கீது. அங்க அபார்ட்மெண்டுல ஒரு வண்டி நிறுத்தத்தான் எடமாம். உனுக்கு வேணுமா, வேணாமா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சும்மா தரமாட்டேன்" என்றான். "காலையில உன் வண்டிய எடுத்துகினு வா. ரெண்டயும் கடல் வரைக்கும் ஓட்டுவோம். வரும்போது மாத்திக்குவோம். எது ஒசத்தின்னு என் மூஞ்சப் பாத்துச் சொல்லணும். பொய் சொல்லக்கூடாது."

"சொன்னா?"

"எனுக்குத் தெரியும். நீ பொய் சொன்னா மூக்கத் தொடுவ."

போனை வைத்த பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று நாள் இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பழசுதான் உயர்ந்தது என்று சொன்னால் கார் கிடைக்கும், ஆனால் பத்தொன்பது வருஷம் ஊரெல்லாம் பேசிய பேச்சை நானே அவன் வாசலில் துப்பிவிட்டு வர வேண்டும். என்னுடையதுதான் உயர்ந்தது என்றால் வாய் நிற்கும், கார் போய்விடும். அந்தக் கார் எனக்கு வேண்டும். அதை எவனோ பழைய இரும்புக்காரனோ, சென்னையில் பிறந்தநாள் பார்ட்டிக்கு வாடகைக்கு விடுகிறவனோ ஓட்டிக்கொண்டு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் முறையாக அந்தத் தெருவுக்குள் என் காரை விட்டேன். கார் வாசலில் இருந்தது. மனைவி சொன்னபடியே தெருவைப் பார்த்து நின்றது. நான்கு வட்டக் கண்ணும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. தந்த நிறம் கொஞ்சம் மஞ்சளாகி இருந்தது, அவ்வளவுதான். தினம் துடைத்த வண்டி அது. துடைத்தவன் மட்டும் பாதியாகிவிட்டிருந்தான். தோள் இறங்கி, தலை முழுக்க வெள்ளை. நான் எப்படித் தெரிந்தேனோ.

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு நின்று, "இன்னா அண்ணாத்த, உன் வண்டிக்கு ஜோடி வந்துட்சி?" என்றாள்.

"ஜோடி இல்ல, சம்பந்தி" என்றான் மச்சான். என்னிடம், "நீ முன்னால போ. உனுக்குத்தான் பின்னால வந்தா புடிக்காதே" என்றான்.

வாங்க என்றும் இல்லை, டீ சாப்பிடுகிறாயா என்றும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். என் வண்டிக்குள் ஏசி ஓடியது, கண்ணாடி மூடியிருந்தது, வெளிச் சத்தம் ஒன்றும் கிடையாது. பின் பார்க்கும் கண்ணாடியில் நான்கு வட்ட விளக்கு. நான் எழுபதுக்கு ஏறினால் அது சின்னதாகும், மெதுவானால் பெரிதாகும். ஒரு காரில் மூன்று பேராகப் போன ரோட்டில் இரண்டு காரில் இரண்டு பேராகப் போகிறோம். மலைக்கோயில் இடது பக்கம் வந்து போயிற்று. அங்கே என் மனைவி எப்போதும் பின் சீட்டிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் அந்த இடத்தில் என்னை அறியாமல் வண்டியை மெதுவாக்கினேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அவனும் மெதுவாக்கியிருந்தான்.

மாமல்லபுரத்தில் இறங்கித் தெற்கே திரும்பி, பழைய பங்களா இருந்த இடத்தில் நிறுத்தினோம். பங்களா இல்லை. ஒரு ரிசார்ட்டின் மதில் நீளமாகப் போகிறது. மதிலுக்கு வெளியே பத்து சவுக்கு மரம் மிச்சம் இருந்தது. அதற்கு அப்பால் கடல். மச்சான் சாவியைத் திருப்பி, எடுத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

வண்டி நிற்கவில்லை. சாவி அவன் பாக்கெட்டில் இருக்கிறது, இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"வேக்கம் குழாய் போயிட்சி" என்றேன். அந்த மாடலில் இன்ஜினை அணைப்பது காற்றை உறிஞ்சும் ஒரு சின்ன ரப்பர் குழாய். அதில் ஓட்டை விழுந்தால் சாவிக்கு வண்டி கட்டுப்படாது. "பத்து நிமிஷ வேல. இதக் கூட பாக்காம வெச்சிக்கினு கீற?"

"தெரியும். வேணும்னேதான் வுட்டு வெச்சிகீறேன்."

"எதுக்கு?"

"சாவிய எடுத்த ஒடனே நின்னுட்டா வூட்டுக்குள்ள போயித்தான் ஆவணும்" என்றான். பானெட்டைத் திறந்து, உள்ளே இருந்த சிவப்பு லீவரை விரலால் அழுத்தினான். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. கடல் சத்தம் அப்போதுதான் கேட்டது.

நான் பின் கதவைத் திறந்து பார்த்தேன். கதவு மூடும்போதும் திறக்கும்போதும் அதே சத்தம், இரும்புப் பெட்டி மாதிரி. பின் சீட்டில் வலது ஓரத்தில் தையல் விட்ட ஓட்டை அப்படியே இருந்தது. நார் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. மற்ற சீட்டுக்கெல்லாம் புதுத் துணி போட்டிருந்தவன் அந்த ஓட்டையைத் தைக்கவில்லை. நான் கதவை மூடிவிட்டேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்க போட்டமே அந்தப் போரு, இன்னும் இனிப்பாத்தான் வருதாம்" என்றான்.

"நான் எடம் பாத்தது ஆச்சே."

"ஆமா, பைப்பும் நீயே தனியா திருகின."

சாவியை மாற்றிக்கொண்டோம்.

திரும்பும்போது நான் பழைய காரை ஓட்டினேன். உள்ளே பிளக் சூடேறி மஞ்சள் விளக்கு அணையும் வரைக்கும் காத்திருந்து ஸ்டார்ட் செய்தேன். கை மறக்கவில்லை. ஸ்டீயரிங் தாம்பாளம் மாதிரி பெரிது. இப்போது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நான் காதால் பிழைத்தவன், காதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த வண்டி ஏறவில்லை. மூன்றாவது கியரில் கத்தியது, நாலாவதில் மூச்சு வாங்கியது. ஏசி போட்டால் இன்னும் பின்னுக்கு இழுத்தது, அணைத்துவிட்டேன். பிரேக் மிதித்தால் யோசித்துவிட்டு நின்றது. வளைவில் படகு மாதிரி சாய்ந்தது. பத்தொன்பது வருஷமாக நான் எந்தக் காருக்காக ஏங்கினேனோ, அந்தக் கார் என் காரை விட எல்லா விதத்திலும் மட்டம். நான் ஊரெல்லாம் சொன்னது வயிற்றெரிச்சலில் சொன்னது. அது கடைசியில் உண்மையாகவே இருந்துவிட்டது. சந்தோஷம் வர வேண்டியதுதான், வரவில்லை.

பக்கத்து சீட் காலியாக இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

அவன் வாசலில் வண்டிகளை நிறுத்தினோம். நான் அவன் வண்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன், அவன் என் வண்டியை மூக்கு வாசலுக்குள் இருக்கும்படி விட்டுவிட்டு இறங்கினான். நேராக வந்து என் ஜன்னலில் கை வைத்தான். நான் இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லு. எது ஒசத்தி?"

இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டேன். மூக்குப் பக்கம் போகவில்லை.

"என்னுது" என்றேன். "உன்னுது வண்டியே இல்லடா. பிரேக்கு இல்ல, இழுவ இல்ல. என்னுதுதான் ஒசத்தி."

கார் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவன் சிரித்தான்.

"திருக்கழுக்குன்றம் வர்றதுக்குள்ளயே எனுக்குத் தெரிஞ்சிபோச்சி. இன்னா பிரேக்கு மாமா அது! ஆனா உள்ள ஒக்காந்தா மூடி வெச்ச வூடு மாதிரி கீது. நான் இருமினா எனுக்கே கேக்கல." பாக்கெட்டிலிருந்து ஆர்சி புத்தகத்தையும் இன்னொரு சாவியையும் எடுத்து என் மடியில் போட்டான். "எடுத்துக்கோ."

"என்னுது ஒசத்தின்னு சொல்லிட்டேன்டா."

"பொய் சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னேன். பழசத்தான் ஒசத்தின்னு சொல்லணும்னு நான் எங்க சொன்னேன்?"

அப்போதுதான் கேட்டேன். பத்தொன்பது வருஷமாகக் கேட்டிருக்க வேண்டியது.

"இவ்ளோ மட்டமான வண்டிய எதுக்குடா எடுத்த? புது ரிக்க வுட்டுட்டு? என் மேல வீம்புக்குத்தானே?"

அவன் ஜன்னல் கண்ணாடியின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே பேசினான்.

"உனுக்கு அந்தக் காரு மேலதான் கண்ணுன்னு பங்கு போட்ட ஒடனே தெரிஞ்சிபோச்சி. நான் ரிக்க எடுத்திருந்தா நீ காரு எடுத்துகினு போயிடுவ, அதோட முடிஞ்சிது. காரு என்கிட்ட இருந்தா ரெண்டு நாள்ல கேட்டுகினு வருவ. வந்தா பாகமே வேணாம், வா மாமான்னு சொல்லிடலாம்னு இருந்தேன். பேரு எவ்ளோ சின்னதா வேணா எழுதிக்கோன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்." வாசலைக் கையால் காட்டினான். "அதுக்குத்தானே வாசல்லயே நிறுத்தி வெச்சேன். அக்காகிட்ட சொல்லி அனுப்பினனே. வண்டி வாசல்லதான் நிக்குது, தெருவப் பாத்துதான் நிக்குதுன்னு. ஒவ்வொரு தபாவும் சொன்னனே. அக்கா சொல்லல?"

"சொன்னா" என்றேன்.

மாதம் ஒரு முறை, பதினைந்து வருஷம், தவறாமல் சொன்னாள்.

நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். லீவர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவன் எட்டிக் காட்டினான். "அணைக்காத. இப்படியே எடுத்துகினு போயிடு" என்றான். "மாப்பிள மூணு மணிக்கு வர்றாரு. நீ இத வூட்டுல வுட்டுட்டு பஸ்ஸு புடிச்சி வந்து உன்னுத எடுத்துக்கோ. நான் இருப்பேன்."

ஒரு ஆள் எப்படி இரண்டு காரை ஓட்ட முடியும்? பழைய காரைத் திருப்போரூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தி, லீவரை அழுத்தி அணைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ். வரும்போதுதான் வரும். காட்டு ரோட்டில் ஒரு இடத்தில் லாரி கவிழ்ந்து கிடந்ததால் பஸ் அரை மணி நேரம் நின்றது. நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, போய் என்ன பேசுவது என்று கோர்த்துக்கொண்டு வந்தேன். ஓசூருக்குப் போகாதே, மூன்று மாடி சும்மா கிடக்கிறது என்று சொல்லலாம். இல்லை, அது அவன் மனைவிக்குச் சரிப்படாது. மாதம் ஒரு முறை வா என்று சொல்லலாம். கதவில் பெயர் எழுதிய விஷயத்தைச் சொல்லலாம். அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் வாயால் சொல்லிப் பழகவில்லை.

தெரு முனையில் திரும்பும்போதே தெரிந்தது. வீடு பூட்டியிருந்தது. மணி நாலரை. வாசலில் என் கருநீலக் கார் மட்டும் நின்றது. நான் போகும்போது அதன் மூக்கு வீட்டைப் பார்த்து இருந்தது. இப்போது தெருவைப் பார்த்து இருந்தது. பழைய வண்டி நின்ற அதே இடத்தில், அதன் டயர் பட்டுப் பட்டுப் பள்ளமான அதே மண்ணில், என் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

குடத்தோடு நின்ற பெண் வெளியே வந்தாள்.

"ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு உங்க வண்டியிலயே. மருமவன்தான் இருட்டறதுக்குள்ள போயி சேரணும்னு கூட்டிகினு போனாரு. சாவி முன் டயரு மேல கீதுன்னு சொல்லச் சொன்னாரு."

டயரின் மேல் கையை விட்டு எடுத்தேன். கதவைத் திறந்தேன். டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருந்தான், அவனுக்கு என்னை விட நீளமான கால். நான் அதை முன்னுக்கு இழுக்காமலே வீடு வரைக்கும் காலை எட்டி எட்டி ஓட்டி வந்தேன்.

இப்போது என் வாசலில் இரண்டும் நிற்கிறது. சென்னையிலிருந்து பழைய கார்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டும் இப்படி ஒரே இடத்தில் பார்த்ததில்லை என்கிறார்கள். நானும் நிமிர்ந்து நின்று எல்லாம் சொல்கிறேன். எது உயர்ந்தது என்று கேட்டால் புதுசுதான் என்கிறேன், காரணத்தோடு. அவர்களுக்கு ஆச்சரியம். பழசைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு மெக்கானிக் வேக்கம் குழாயை மாற்றித் தருகிறேன், பத்தே நிமிஷம் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொரு வண்டியாக எடுக்கிறேன். பழையதை எடுக்கிற நாட்களில், திரும்பி வந்ததும் சாவியை எடுத்துவிட்டு ஓசூருக்குப் போன் போடுவேன். சில நாள் எடுப்பான், சில நாள் எடுக்க மாட்டான், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருப்பான். எடுத்தால் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பஸ்ஸில் கோர்த்து வைத்த பேச்சு இன்னும் என்னிடமே இருக்கிறது. போனை பானெட் பக்கம் நீட்டிப் பிடிப்பேன்.

"ரெண்டாவது இன்ஜெக்டரு இன்னும் தட்டுது" என்பான்.

"தெரியும்டா."

"பாக்கல?"

"பாக்கணும்."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிடுவார்கள். "சரி மாமா, அணைச்சிடு" என்று வைத்துவிடுவான். நான் உடனே அணைப்பதில்லை. சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வண்டி ஓடிக்கொண்டிருக்க, வாசலிலேயே நிற்கிறேன்.